மலை இருமிய கதை

செஞ்சி, சிங்கவரம் சாலை
16.4.2025

அருமை அக்கா மகள் அமிர்தவல்லிக்கு,

மூன்று மலைகளுக்கும் முடிசூடாத அரசன், உன் தாய்மாமன் இளவரசன் எழுதிக்கொள்வது. நான் நலம். கோழிகள் நலம். உன் அம்மா அனுப்பிய எள்ளுருண்டை மட்டும் நலமில்லை, தீர்ந்துவிட்டது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றின் உச்சியிலும் ஒரே நேரத்தில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் (என் கை நீளம் உனக்குத் தெரியும்): இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நேற்று மத்தியானம் நம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலை இருமியது.

சளி பிடித்த கிழவர் இருமுவது போல ஒரே ஒரு இருமல். டம்ளரில் இருந்த மோர் நடுங்கியது. என் சேவல் பறந்துபோய் அவலூர்பேட்டை பஸ்ஸின் கூரையில் இறங்க, கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டாராம். கோட்டைக்குள் எப்போதோ செத்துப்போன குதிரைகள் எல்லாம் கனைத்தன. நிலாவிலிருந்து பிய்ந்து விழுந்த சந்திரகிரி, சொந்தக்காரன் போலத் தலையைச் சாய்த்து, உடம்புக்கு இன்னா என்று விசாரித்தது.

மேட்டு வீட்டு நாகம்மாள் மட்டும் அசையவில்லை. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்றுவிட்டு வந்து, வழக்கம்போல அந்த மலைச்சரிவில் துருத்தி நிற்கும் பெரிய பாறையின் நிழலில் கட்டிலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

போன் செய்யாதே. நீ பேசுவதில் பாதிதான் என் காதில் விழுகிறது. மீதியை நானே சேர்த்துக்கொள்கிறேன், அது உன் படிப்புக்கு ஆகாது.

இப்படிக்கு,
செஞ்சிச் சக்கரவர்த்தி இளவரசன்


சேலம், கல்லூரி விடுதி
20.4.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை அறைத்தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். சேவலுக்கு டிக்கெட் கேட்ட இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலே உங்களுக்குக் கேட்காது. அப்படியிருக்க மலையின் இருமல் எப்படிக் கேட்டது? கேட்டிருக்காது. உள்ளங்காலில் தெரிந்திருக்கும். சேவல், குதிரை, சந்திரகிரி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். மோர் நடுங்கியது என்ற ஒரு வரி மட்டும் கழியாமல் நிற்கிறது.

அந்தப் பாறை ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுக்கு முந்தியது, மாமா. பூமிக்குள் வெகு ஆழத்தில் இறுகிக் கிடந்தது. மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து போகப் போக, மூட்டையை இறக்கிய ஆள் முதுகை நிமிர்த்துவதுபோல அதுவும் நிமிர்கிறது. நிமிரும்போது வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகப் பிரிகிறது. பகல் வெயிலில் மேல் ஏடு சூடாகி உப்பும், ராத்திரி சுருங்கும். அப்படியே விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். ஒரு நாள் திடீரென்று படாரென விடும். நீங்கள் சொல்லும் இருமல் இதுதான்.

நிலாவிலும் இதே கதைதான். அங்கே மழையில்லை, காற்றில்லை, ஆனால் பகலில் கொதிநீரைவிடச் சூடு, இரவில் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். அதிலேயே பாறைகள் வெடிக்கின்றன. சந்திரகிரி நிலாவிலிருந்து விழவில்லை, அது உள்ளூர்க் கல். ஆனால் நிலாவின் வெளுத்த பகுதியில் இருக்கும் பாறைக்குப் பங்காளி நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. சந்திரயானைச் சோதிக்க நிலா மண் தேவைப்பட்டபோது அந்தக் கல்லைத்தான் இடித்துப் பொடியாக்கினார்கள். போன மாதம் அதை என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

நீங்கள் ஒன்று செய்யவேண்டும். வெயில் ஏறுமுன் போய், பக்கவாட்டில் நின்று, விரிசலுக்குக் குறுக்கே சிமெண்ட்டைக் குழைத்து ஒரு பட்டை பூசுங்கள். பாறைக்கு நேர் கீழே நிற்கவே கூடாது. பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் விரிகிறது என்று அர்த்தம், உடனே எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கதை வேண்டாம்.

அன்புடன்,
அமிர்தா


செஞ்சி
25.4.2025

அமிர்தவல்லி,

யானைப்படை, குதிரைப்படை, என் பழைய செருப்பு ஆகியவை புடைசூழ மலைக்குப் போனேன். பூசினேன். பூசிவிட்டு அங்கேயே ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன், கேட்ட ஓணான் தலையாட்டியது.

நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். பட்டை நடுவில் அப்பளம்போல உடைந்து கிடக்கிறது. உடைந்த இடத்தில் என் சுண்டுவிரல் நுழைகிறது. இதில் கதை இல்லை.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள். பிறகு நாகம்மாளிடம் போய், ஒரு அலங்காரமும் இல்லாமல், பாறை விழப்போகிறது, வீட்டைக் காலி செய் என்றேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சின்ன வாக்கியம் நான் பேசியதில்லை. அவள் கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "போன மாசம் செஞ்சிக்குக் கடல் வருதுன்னே. அதுக்கு முன்னாடி சர்க்கார்ல இருந்து உனுக்கு யானை தராங்கன்னே. இப்ப பாறையா? போய்யா" என்றாள்.

டீக்கடையில் சொன்னேன். பாறை விழுந்தால் எந்தப் பக்கம் உருளும், அவலூர்பேட்டை சந்தைக்குப் போகுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருஷமாகச் சேர்த்த பெயர், அம்மாடி. ஒரு நாள் கழற்றி வைக்கலாம் என்று பார்த்தால் கழல மாட்டேன் என்கிறது.

இளவரசன்


சேலம்
29.4.2025

அன்புள்ள மாமா,

எங்கள் நிலவியல் துறை ஆசிரியை மீனம்பாள் மேடத்திடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். விரல் நுழைகிறது என்ற இடத்தில் படிப்பதை நிறுத்தி, பேனாவை மூடி வைத்துவிட்டார். ஐந்தாம் தேதி அவரே நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். ஆபீசுக்கும் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் நாலாம் தேதி கத்திரி வெயில் பிறக்கிறது. பாறை நமக்காகக் காத்திருக்காது.

அந்த ஏடு சரிந்தால் முதலில் நாகம்மாள் அக்காவின் கொட்டகை. அப்புறம் உங்கள் சமையலறை. நீங்கள் இன்றைக்கே அமீர் ஜான் மாமாவின் சைக்கிள் கடை மாடிக்குப் போய்விடுங்கள். கோழிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாகம்மாள் அக்காவை எப்படிக் கிளப்புவீர்களோ தெரியாது. என்ன சொன்னாலும் சரி. கதை வேண்டாம் என்று போன தடவை எழுதினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூன்றாம் தேதிக்குள் அவர் கிளம்பவில்லை என்றால், பரீட்சையை விட்டுவிட்டு நான் வருகிறேன். வந்து, அதே பாறை நிழலில், அந்தக் கட்டிலில், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பிடிவாதம் உங்களிடமிருந்து வந்ததுதான்.

அமிர்தா


செஞ்சி, அமீர் ஜான் சைக்கிள் கடை மாடி
6.5.2025

என் உயிரினும் மேலான அமிர்தவல்லிக்கு,

உன் மிரட்டல் கடிதம் கிடைத்தது. உடனே கோழிகளோடு மாடி ஏறிவிட்டேன். பாறை விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமில்லை, நீ வந்து உட்கார்ந்துவிடுவாயோ என்றுதான் பயம்.

ராத்திரி முழுக்கக் கதை கட்டினேன். பாறைக்குள் ராட்சச நண்டு, பாறைக்கடியில் புதையல், ராக்கெட் இறக்க இடம் பார்க்கிறார்கள் என்று ஒன்றை விட ஒன்று பெரிதாக. ஒன்றும் சரிப்படவில்லை. நான் சொல்வதை நாகம்மாள் நம்பமாட்டாள். விடிந்தபோதுதான் உறைத்தது. நம்பமாட்டாள், அதுதானே நம் கையிலிருக்கும் ஒரே ஆயுதம்.

கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மேட்டு வீட்டுக்குப் போனேன். கையைக் கூப்பினேன். அன்றைக்கு உளறிவிட்டேன் நாகம்மாள், மன்னித்துக்கொள், இந்தப் பாறை நூறு வருஷத்துக்கு அசையாது, அதற்கு நான் ஜாமீன், இங்கேயே நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லி, கற்பூரம் கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாறையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"உழும்னு சொன்னப்ப சிரிச்சேன்யா. உழாதுன்னு சத்தியமே பண்றியே," என்றாள், "அப்ப நெஜமாவே உழப்போவுது."

மூன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் ஆடுகள், அடுப்பு, கடலை மூட்டை எல்லாம் ஆட்டோவில் ஏறி, சிங்கவரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டன. கட்டில் மட்டும் ஆட்டோவில் நுழையவில்லை. அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று நிழலிலேயே போட்டுவிட்டுப் போனாள். நான் கடைசி வரைக்கும், போகாதே நாகம்மாள், நான் சொல்றதை நம்பு என்று கெஞ்சிக்கொண்டே ஆட்டோவின் பின்னால் ஓடினேன். ஓட ஓட அவள் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னாள். நீ கிளம்பிவிடாமலிருக்க அன்றைக்கே அமீர் ஜானை உனக்குப் போன் செய்யச் சொன்னேன்.

இனி நாலாம் தேதி மத்தியானம் நடந்ததைக் கேள். பாறை மூன்று தடவை இருமி, தொண்டையைக் கனைத்து, பொதுமக்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கியது. கிருஷ்ணகிரி கைதட்டியது. அது உருண்டு உருண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவலூர்பேட்டை பஸ்ஸில் மகளிர் சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டர் எழுப்பிவிட்டதும் கோபித்துக்கொண்டு, ஒரே தாவில் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சித்தம்பூண்டிப் பங்காளிகளைப் பார்த்து நலம் விசாரித்ததாம். நேற்று வந்த மீனம்பாள் மேடம் இதற்கெல்லாம் சாட்சி. மிச்சமிருக்கும் ஏடுகளை இறக்க ஆள் அனுப்பும்படி ஆபீசில் சொல்லிவிட்டுப் போனார். என் சமையலறைச் சுவர் வணக்கம் சொல்லப் போய், நிமிர முடியாமல் அப்படியே சாய்ந்திருக்கிறது.

நீ உன் வழக்கப்படி கழித்துக்கொள். பஸ்ஸைக் கழி, கைதட்டலைக் கழி, நிலாவைக் கழி, என்னையும் கழித்துக்கொள். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் கழியாது, அது நிஜம்.

நாகம்மாளின் கட்டில் தூள் தூளாகக் கிடக்கிறது. அதில் யாரும் படுத்திருக்கவில்லை.

மாமா