வாளிக்குள் ஏறி நிற்க ஓரிடம்

இஞ்சாருங்கோ,

யாழ்ப்பாணம் போய் வந்ததிலையிருந்து தேங்கின தண்ணியைக் கண்டாலே உங்களுக்கு டெங்குப் பயம். டோர்ட்மண்டிலை டெங்கு நுளம்பு இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான். நேற்று நீங்கள் கவிட்டு ஊத்தின தோட்டத் தொட்டிக்குள்ளைதான் ஆரணி பங்குனியிலையிருந்து பாத்து வந்த வாற்பேத்தையள், அந்தத் தவளைக் குஞ்சுகள், இருந்தது. முட்டையாய் இருக்கேக்கையே பிள்ளை அதுகளுக்குப் பேர் வைச்சிட்டாள்.

புல்லுக்குள்ளை பொறுக்கினதை மழைத்தண்ணியோடை குசினி வாசலிலை சிவப்பு வாளியிலை விட்டிருக்கிறன். பைப் தண்ணி விடாதேங்கோ. முன்னங்கால் முளைச்சிட்டுது. இனி வெளியிலை வந்துதான் மூச்செடுக்குமாம். ஏறி நிக்க இடமில்லாட்டித் தண்ணிக்குள்ளையே தாண்டு செத்துப் போகும். நான் வைச்ச கல்லு வழுக்குது. வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, வேலைக்கும் நேரமாச்சு.

சோறும் பருப்பும் அடுப்பிலை இருக்கு. நேற்றும் நீங்கள் சாப்பிடேல்லை.

ஆரணி பள்ளிக்கூடத்தாலை வந்து கேட்டால் நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஏலாது.

மலர்

பி.கு. மரக்கறி வெட்டுற பலகை வழுக்காது. அதை வாளிக்குள்ளை சரிச்சு வைச்சுப் பாருங்கோ.

ஒண்டாவது மேலை ஏறினால் எனக்குப் போன் அடியுங்கோ. கோவமாத்தான் இருக்கிறன். எண்டாலும் எடுப்பன்.