ஏழாம் நம்பர் படகில் உன் பக்க மெத்தை

என் எஸ்தருக்கு,

சோறு வடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால், "இன்னாத்துக்கு இப்டி கொழய விட்டீங்க?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லை. குழைந்ததையே தின்றுவிட்டு எழுந்துபோகிறேன்.

காலையில் ஷூ கம்பெனி பஸ் இன்னும் நம் தெருமுனையில் வேகத்தைக் குறைத்து ஒரு ஹாரன் கொடுக்கிறது. உனக்குப் பிறகு மாதனூரில் நம் தெருவிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிறவர்கள் யாருமில்லை. டிரைவருக்குக் கை பழகிவிட்டது போலிருக்கிறது. போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். சொல்லிவிட்டால் அந்தச் சத்தமும் நின்றுவிடும் இல்லையா? அதனால் சொல்லாமலே இருக்கிறேன்.

சேதி அதுவல்ல. நம் ஏழாம் நம்பர் படகைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் கம்பெனியை விட்டுவிட்டு மலை ஏரியில் படகு தள்ளிவிடும் வேலைக்குப் போனபோது ஊரே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக மலைக்கு வந்தாய். பெடல் படகுகளின் மெத்தையெல்லாம் கிழிந்து ஃபோம் வெளியே தொங்குவதைப் பார்த்தாய். "இதுல எப்டி மனுசன் உக்காருவான்?" என்று கேட்டு, அன்றைக்கே இரண்டு மெத்தையைச் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தாய். அப்படித்தான் ஒவ்வொரு படகாக உன் தையலுக்கு வந்தது.

இப்போது அதெல்லாம் போயிற்று. நீ போன பிறகு கிழிந்ததைத் தைக்க ஆளில்லை. மேனேஜர் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் சீட்டுகளை வரவழைத்து ஒவ்வொரு படகாக மாற்றிக்கொண்டே வந்தார். பழைய மெத்தைகள் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் குவிந்து, ஒரு நாள் குப்பை வண்டியில் ஏறின. உன் கை பட்டது என்று மிஞ்சியது ஏழாம் நம்பர் மட்டும்தான். அதுவும் ஓரமெல்லாம் பிய்ந்து, தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடந்தது.

"இத மட்டும் நானே தச்சுத் தர்றேன் சார்" என்றேன்.

"உனக்குத் தைக்கத் தெரியுமா சாலமோன்?"

"ஷூ கம்பெனில இருந்தவன் சார்."

"சரி, சீசனுக்குள்ள முடிச்சுடு. இல்லன்னா இதுக்கும் பிளாஸ்டிக்குதான்" என்றார். நான் கம்பெனியில் தையல் பக்கமே போனதில்லை என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மெத்தைகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து, கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் வைத்தேன். ஏரித் தண்ணீர் வாசனை வீடு முழுக்கப் பரவியது. அன்றைக்கு வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. நம் ரூத் போனில், "ஆம்பூர்ல எத்தினி சீட் கவர் கடை இருக்குது, குடுத்துட்டு வாயேன்பா" என்றாள். கடைக்காரன் முதல் வேலையாகப் பழைய உறையைக் கத்தியால் கிழித்துத் தூக்கி எறிவான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

நானே தைப்பதிலும் அதே சிக்கல்தான். புது உறை வெட்ட வேண்டுமானால் பழைய உறையைத் துண்டு துண்டாகப் பிரித்து விரித்து, அதை அளவாக வைத்துத்தான் வெட்ட வேண்டும். உன் தையலை நானே பிரிக்க வேண்டும். பிரிக்கும் கத்தியை எடுப்பேன், வைப்பேன். அதற்குத்தான் கை வரவில்லை எஸ்தர்.

அப்போது ஒரு யோசனை வந்தது. இப்போது சிரிக்கப் போகிறாய். நான் லாஸ்டிங் செக்‌ஷன்காரன் இல்லையா? கால் அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்து ஷூவுக்கு உருவம் கொடுக்கிறதுதானே என் தொழில்? அதே மாதிரி நல்ல தோலாக வாங்கி, நனைத்து, உன் மெத்தையின் மேலேயே இழுத்துப் போர்த்தி அடியில் ஆணி அடித்துவிட்டால் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. உன் தையல் உள்ளே பத்திரமாக இருக்கும்.

டேனரியில் தோல் தரம் பிரிக்கும் நம் கபீர் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணில கெடக்கிற சாமானுக்கு தோலாப்பா? பேஜாரு வேல. ரெக்ஸின் வாங்கு."

"நல்லாருக்கும் பாய்."

"நல்லாருக்கும். எத்தினி நாளிக்கு?"

கேட்டேனா? செம்பழுப்பில் ஒரு தோலை வாங்கி வந்து, நனைத்து, இடுக்கியால் இழுத்து இழுத்து ஒரு சுருக்கம் இல்லாமல் போர்த்தினேன். காய்ந்ததும் பார்த்தால் பெரிய முதலாளி வீட்டு சோபா மாதிரி இருந்தது. படகில் பொருத்தியபோது என்னோடு படகு தள்ளும் பையன்கள் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

தூறல் வந்தது. பிறகு வெயில். தோல் காய்ந்து சுருங்கி, அடிப்பலகையை வில்லாக வளைத்துவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சவாரி முடிந்து இறங்கினார். பின்பக்கம் முழுக்க பூட்ஸ் கலர். அவர் சம்சாரம் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் ரெய்லிங்கைப் பிடித்துக்கொண்டார். மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா சாலமோன், படகு உடுறியா, சாயப்பட்டற நடத்துறியா?" என்றார். தண்ணீரில் போகிறதற்குத் தோல் போர்த்துகிற புத்தி நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கு வரும், சொல்.

மறுபடியும் சாக்கு, மறுபடியும் பஸ். ஆணிகளைப் பிடுங்கித் தோலை உரித்தபோது உன் பழைய உறையிலும் சாயம் ஏறியிருந்தது. காப்பாற்றுகிறேன் என்று நானே கெடுத்து வைத்திருந்தேன். சீசனோ பக்கத்தில் வந்துவிட்டது. இனி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தேன். நூல் முனை ஒவ்வொன்றையும் நீ நெருப்பு காட்டி உருக்கி, விரலால் அழுத்தி வைத்திருக்கிறாய், கம்பெனியில் செய்கிற மாதிரியே. கறுப்பாகக் கடுகு போல நிற்கிறது. அதை அறுத்தால்தான் தையல் விடும். முதல் முனையை அறுக்கும்போது, "மன்னிச்சுக்கோ" என்று வாய்விட்டே சொன்னேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

படகில் நீ உட்காரும் பக்கத்து முதுகு மெத்தையைப் பிரித்தபோது ஃபோமுக்கு மேல் இன்னொரு மெத்தை இருந்தது. ஷூவுக்குள் போடுகிற மெத்து அட்டைகள். கழிவில் போனதை எடுத்து வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறாய். நடுவில் கனமாக, ஓரத்துக்கு வர வர மெலிதாக. ஃபோம் போதாமல் ஒட்டுப் போட்டாய் என்று முதலில் நினைத்தேன். என் பக்கத்து மெத்தையையும் பிரித்தேன். அதில் வெறும் ஃபோம்தான் இருந்தது.

கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. உன் கால்கள்.

ஞாயிற்றுக்கிழமை சவாரி முடிந்து எல்லாரும் போன பிறகு நாம் இருவரும் ஏழாம் நம்பரில் ஒரு சுற்று போவோமே. அந்தப் படகில் இரண்டு பக்கத்துப் பெடலும் ஒரே கம்பியில் கோத்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் பக்கமும் தானாகச் சுற்றும். "காசு குடுத்து வர்றவங்களே மிதிக்கிறாங்க, நீ மட்டும் மகாராணியாட்டம் சும்மா வர்ற" என்று உன்னைக் கேலி செய்துகொண்டே வருவேன். நீ சிரித்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பாய். பிறகு ஒரு வாரம், தையல் விட்டுப்போச்சு என்று அந்த மெத்தையை வீட்டுக்குக் கொண்டுபோனாய். அதற்கப்புறம் நீயும் நன்றாக மிதித்தாய். பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் மிஷினுக்கு அடியில் பலகை போட்டுக் கால் வைத்துக்கொண்டவள் நீ. படகில் சாய்ந்து உட்கார்ந்தால் உனக்குக் கால் எட்டவில்லை. முதுகை முன்னால் தள்ள நீயே ஒரு வழி செய்துகொண்டாய். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் அதற்கும் கேலி செய்வேன் என்றா? அல்லது என்னோடு சேர்ந்து மிதிக்க வேண்டும் என்ற ஆசையை வாயால் சொல்ல வெட்கமா? இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் இதை ஒரு மெத்தையைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அழுதேன். அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது.

கபீர் பாய் நீல ரெக்ஸின் வாங்கிக் கொடுத்தார். "நா அன்னிக்கே சொன்னனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தங்கமான மனுஷன். உன் துண்டுகளை அதன் மேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டினேன். உன் மிஷினில் தடித்த ஊசி போட்டு, சக்கரத்தைக் கையாலேயே தள்ளித் தள்ளித் தைத்தேன். கோணல்தான். ஒரு மூலை நாய் கடித்த மாதிரி இருக்கிறது. நூல் முனைகளை மட்டும் நெருப்பு காட்டி உருக்கி அழுத்தினேன். விரல் சுட்டது. உனக்கும் சுட்டிருக்குமே, ஒருநாளும் சொன்னதில்லை.

மெத்து அட்டைகளை எடுக்கவில்லை. அப்படியே உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன்.

மேனேஜர் அழுத்திப் பார்த்தார். "இந்தப் பக்கம் முதுகு தூக்கலா இருக்குதே?"

"பழசு எப்டி இருந்துச்சோ அப்டியே தச்சேன் சார்."

"எவனாவது கம்ப்ளெயின்ட் பண்ணான்னா, கழட்டிப் போட்ருவேன்" என்றார்.

அன்று முழுக்க ஏழாம் நம்பரில் ஏறுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்காட்டிலிருந்து கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஜோடி ஒன்று வந்தது. உன் உயரம்தான் அந்தப் பெண், ஒருவேளை இன்னும் கம்மி. வேறு படகில் ஏறி உட்கார்ந்தவள், கால் தொங்குகிறது என்று இறங்கி நின்றாள். நான் ஏழாம் நம்பரைக் கரையோரம் இழுத்து, "இதுல உக்காந்து பாரும்மா" என்றேன். சாய்ந்து உட்கார்ந்தாள். பாதம் பெடலில் பதிந்தது.

"எட்டுதா?" என்று கேட்டான் அவள் புருஷன்.

"எட்டுதுங்க."

கயிற்றை அவிழ்த்துத் தள்ளிவிட்டேன். இருவரும் சேர்ந்து மிதித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பார்க்க முடியவில்லை, லைஃப் ஜாக்கெட்டுகளை அடுக்கப் போய்விட்டேன்.

மேனேஜர் அதற்கப்புறம் மெத்தையைப் பற்றிப் பேசவில்லை. சவாரிக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு நான் மட்டும் ஏழாம் நம்பரில் ஏறினேன். ஒற்றை ஆள் ஏறினால் படகு அவன் பக்கம் சாயும். "பக்கத்துல மணல் மூட்டைய வெச்சுக்க" என்று கரையிலிருந்து படகுப் பையன் ஒருவன் கத்தினான். கையை ஆட்டி வேண்டாம் என்றேன். சாய்ந்தபடியே ஏரி நடுவரை போனேன். நான் மிதிக்க மிதிக்க உன் பக்கத்துப் பெடலும் சுற்றிக்கொண்டே வந்தது.

எஸ்தர், உன் இடத்தில் ஒருநாளும் மூட்டை வைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சுற்று வருவேன். நீ மிதிக்க வேண்டாம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா வா. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
சாலமோன்