மீட்டர் பின்னால் ஓடிய குளிர்காலம்

அக்டோபர் 14
கொல்லையில் காற்றாலை சுற்ற ஆரம்பித்தது. வீட்டுக்குப் போக மிச்சக் கரண்ட் கம்பெனியின் கம்பிக்குப் போகிறது, மீட்டர் சக்கரம் பின்னால் சுற்றுகிறது. காற்றில்லாத நாளில் அதே யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி வேண்டாம். ஒரு மணி நேரம் மீட்டர் முன்னால் நின்றிருக்கிறேன். பக்கத்துப் பண்ணை கஸ் வண்டியை நிறுத்தி, "என்ன வெர்ன், கன்னு போடப்போற பசுவைக் காவல் காக்குறியா?" என்றான்.

அக்டோபர் 30
என் மனைவி ஆர்லீன் நாற்பது களிமண் கிண்ணம் வனைந்து வைத்திருக்கிறாள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் புதன்தோறும் சர்ச்சில் சூப் சாப்பாடு. இந்த முறை காகிதக் கோப்பை கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மின்சூளையைப் போடட்டுமா என்று கேட்டாள். ஒரு தடவைக்கு அறுபது யூனிட்! கொஞ்சம் சேரட்டும் என்றேன்.

நவம்பர் 22
மீட்டரில் இருப்பு 212 யூனிட்.

டிசம்பர் 19
பேய்க்காற்று. 480. ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கோட்டும் குல்லாயுமாக எழுதுகிறேன். கரண்ட் கொட்டிக் கிடக்கிற வீட்டில் இரண்டு பேருக்கும் பல் தந்தியடிக்கிறது.

பிப்ரவரி 25
சர்ச்சில் முதல் சூப் புதன். சூப் காகிதக் கோப்பையில்தான். கிண்ணம் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். "வெர்ன் யூனிட்டு மேல உக்காந்து அடைகாக்குறான். இன்னும் குஞ்சு பொரிக்கல" என்றாள் ஆர்லீன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுருக்கென்றுதான் இருந்தது.

மார்ச் 17
ஆயிரம்! பத்திரமாக இருக்கிறதா என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "மிச்சம் இருக்கிறது மார்ச் முப்பத்தொண்ணோட போயிடும் சார். வருஷக் கணக்கு எப்ப ஆரம்பிக்கணும்னு நாலு தேதி கொடுத்திருந்தோம். நீங்கதான் ஏப்ரல் ஒண்ணைக் குறிச்சிருக்கீங்க."

நானேதான். பிறந்த நாள், மறக்காது என்று. மொன்டானாவில் குளிர்காலம் முழுக்கக் காற்று. அது முடிந்த கையோடு கணக்கைத் துடைக்கிற தேதியாகப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். முட்டாள் தினத்துல பொறந்தவன்டா நீ, வேற எப்படி இருப்ப? — அஞ்சு மாசம் ஆர்லீனைக் குளிர்ல உக்கார வெச்சேனே. எதுக்கு? யாருக்காக?

அதே நாள், மாலை
ஆர்லீனிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சூளைக்குள்ள கிண்ணத்தை எல்லாம் அடுக்கிக் கொடு" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 25
கடைசிச் சூப் புதன். ஒரு வாரத்தில் நாலு தடவை சூளை போட்டு முப்பத்தொன்பது கிண்ணம் தேறியது. கஸ் மூன்று கிண்ணம் சூப் குடித்தான். பாத்திரம் முழுக்க நான் கழுவினேன்.

ஏப்ரல் 1
இருப்பு பூஜ்யம். அறுநூற்றுச் சொச்சம் யூனிட் கம்பெனிக்கு மொய் எழுதியாயிற்று.

காலையில் ஆர்லீன் நாற்பதாவது கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தாள். குளிர்காலம் பூராவும் சூளைக்குக் காத்துக் கிடந்ததில் வாயோரம் விரிசல் விட்டிருக்கிறது. சர்ச்சுக்கு ஆகாது. அதையும் சுட்டு வைத்திருக்கிறாள். "இது உனக்கு" என்றாள்.

இன்று துளிக் காற்றில்லை. அவள் அடுத்த சூளையைப் போட்டுவிட்டாள். மீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். காற்று வந்தால் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம், இந்த ஏற்பாடே அதற்குத்தான். போய்ப் பார்க்கவில்லை. சூளைக் கொட்டகையில் அவள் பக்கத்தில் கதகதப்பாக இருந்தது. கோட்டைக் கழற்றிவிட்டேன்.