உன் ஜக்கெற்றில் இருந்த புகை

என் அருமை மச்சான் கீர்த்தி,

நவம்பர் 15, சனிக்கிழமை, பகல் ஒன்று இருபது. ஹார்பூர்க் சாப்பாட்டுக் கடை, வாசல் பக்கத்து மேசை, ஆட்கள் இரண்டு. வழமையாகவும் இரண்டு பேர்தான். இந்த முறை எனக்கு எதிரே இருந்தது உன் அப்பா.

கோபிக்காதே. அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. கோழி தின்றாலும் மாட்டைத் தொடாத சைவ வீட்டுப் பிள்ளை, புகைபோட்ட மாட்டிறைச்சி தின்ன ஊர் முழுக்கத் திரிகிறான் என்று அறிந்தால் அவர் உடைந்துபோவார் என்றாய். நானும் வாக்குக் கொடுத்தேன். இப்போது மீறிவிட்டேன். காரணத்தைக் கேள், பிறகு திட்டு.

போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கடைக்குப் போன நேரம். அப்பா அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பொலித்தீன் பையை இறக்கினார். இறுக்கிக் கட்டிய முடிச்சு. உள்ளே உன் பச்சை ஜக்கெற்.

"மணந்து பார் தம்பி," என்றார். "பொடியன் சிகரெட் பத்தினவன். எனக்கு முதலே தெரியும். சனிக்கிழமையில வரேக்கை இந்த மணம்தான். ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் விட்டிருப்பான். வளந்த பிள்ளை, கோவிப்பான் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

"மாமா, அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை."

"நீ அவன்ரை கூட்டாளி. அப்பிடித்தான் சொல்லுவாய்."

அம்மா அறிந்தால் தாங்கமாட்டா என்றுதான் பையைக் கட்டி ஒளித்து வைத்திருந்தார்.

நீ போன பிறகு வந்த உன் மருத்துவ அறிக்கையை அவருக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னவன் நான். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு. இருந்தது ஒருவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அன்றைக்குத் தலையாட்டினார். இப்போது சொல்கிறார்: "கோளாறு இருந்தால் என்ன, ஏதோ ஒண்டு அதைத் தட்டி விட்டிருக்கும்தானே?"

குளிரூட்டும் இயந்திரங்களில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓடுகிறது, மச்சான். ஆனால் பிழையான காரணத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தால், அவரோடு வாதாடுவது நேர விரயம். சோதித்துக் காட்ட வேண்டும்.

எந்தக் கடையில் காட்டுவது? நம் பழைய சண்டை திரும்ப வந்தது. புகைபோட்ட மாட்டிறைச்சிக்கு அந்தக் காலத்திலேயே பெயர்போன ஊர் ஹம்பேர்க். அதில் எந்தக் கடை திறம் என்று ஏழு கடை ஏறி இறங்கினோம். என் முதலிடம் அல்ரோனாக் கடை. வெப்பமானியைக் குத்தினால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே சூடு. இறைச்சி முள்ளுக்கரண்டி பட்டாலே பிரியும். காற்றோட்டமும் ஒழுங்கு, வெளியே வந்தால் உடுப்பில் ஒரு மணமும் இராது. பழைய கப்பல் கொள்கலனுக்குள் நடக்கிற ஹார்பூர்க் கடைக்கு நான் நாலாம் இடம்தான் தந்தேன். ஒரு கிழமை பஞ்சு, அடுத்த கிழமை செருப்புத் தோல். நீ மட்டும் அதுதான் முதலாவது என்று நின்றாய். "வீட்டை போனாப் பிறகும் சாப்பிட்ட மாதிரியே இருக்கு மச்சான்." இது ஒரு அளவுகோலா என்று சிரித்தேன்.

அப்பாவை அல்ரோனாவுக்குக் கூட்டிப்போனால் ஒன்றும் நிரூபிக்க ஏலாது. ஆகவே புகை உடுப்பில் ஒட்டுகிற ஹார்பூர்க். உனக்கு ஒரு புள்ளி.

அப்பா கோழி கேட்டார். மாட்டைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை. தட்டு வந்தது. குனிந்து மணந்தார்.

"தம்பி, இது அடிப்பிடிச்சுப் போச்சு. புகை மணக்குது. மாத்தித் தரச் சொல்லு."

"மாமா, உது அப்பிடித்தான்..."

"நீ கூச்சப்படாதை. நான் சொல்லுறன்."

பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டார். இதில் புகை மணக்கிறது என்று ஜெர்மனில் மிக மரியாதையாகச் சொன்னார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பீச் மரக்கட்டைப் புகை, கோழி காலையிலிருந்து அடுப்பில் கிடந்தது, சமைத்தவரிடம் கட்டாயம் சொல்கிறேன், மிக்க நன்றி என்றுவிட்டுப் போனாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "கருக்கிப்போட்டு நன்றி சொல்லுறாள்."

நீ இருந்திருந்தால் சிரித்து மேசைக்குக் கீழே போயிருப்பாய். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு சொன்னேன்: "மாமா, அவன் இதுக்குத்தான் வந்தவன். சனிக்கிழமையில, என்னோடை. கோழி இல்லை. மாடு."

அவர் கூரையில் தொங்கிய புகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தோலை ஒதுக்கிவிட்டுக் கோழியைச் சாப்பிட்டு முடித்தார். திரும்பும்போது எஸ்-பான் ரயில் எல்ப ஆற்றைக் கடக்கையில், தன் கோட்டுக் கையை மூக்கருகே கொண்டுபோனார். இறக்கினார். திரும்பவும் கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்குப் போனார். முடிச்சை அவிழ்த்து, உன் ஜக்கெற்றை ஒரு தரம், தன் கோட்டை ஒரு தரம் மணந்தார்.

"இஞ்சேரும். ஒருக்கா வாரும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. ஜக்கெற்றைக் கண்டதும் நின்றுவிட்டா. வாங்கி முகத்தில் வைத்தா.

"இறைச்சிப் புகை," என்றா.

"உமக்குத் தெரியுமே?"

"தோய்க்கிறது நானெல்லோ. சிகரெட் மணத்துக்கும் இறைச்சி மணத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதே?"

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. மாடு எண்டால் குதிப்பியள் எண்டு அவன்தான் பயந்தவன்."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். "மாடோ," என்றார். பிறகு, "தின்னட்டும். திண்டிட்டுப் போகட்டும்."

ஒரே வீட்டில் மூன்று பேர், மூவருமே மற்றவர் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? அந்த வீட்டுக்கு வந்து போன நானும்தான் என்ன கிழித்தேன்?

ஜக்கெற் இப்போது பையில் இல்லை. கதவுக்குப் பின்னால், உன் பழைய கொழுவியில் தொங்குகிறது. நான் வெளிக்கிட்டபோது அப்பா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, வெளியிலை தொங்கினால் மணம் போயிடுமே?" போகும் மாமா என்றேன். பொய் சொல்லத் தெரியவில்லை. வீடு வரும் வழியில்தான் பதில் வந்தது. இனிச் செய்யப்போவது இவ்வளவுதான்:

1. பட்டியலைத் திருத்துவேன். ஹார்பூர்க் முதலாவது, அல்ரோனா இரண்டாவது. இதில் வெப்பமானிக்கு வாக்கு இல்லை.

2. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப்போவேன். கோழியை அப்பா திருப்பிக் கொடுக்காமல் அவ பார்த்துக்கொள்ளுவா.

3. மணம் குறையும்போதெல்லாம் உன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஹார்பூர்க் போவேன். அதன் கை எனக்குக் கட்டை, பரவாயில்லை. புகைக்குக் கிட்ட இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு, கொண்டுவந்து அதே கதவுக்குப் பின்னால் கொழுவிவிடுவேன்.

உன்னோடு பிறக்காத தம்பி,
நிரூ