அக்காவின் போணி

மார்ச் 3, செவ்வாய்

பூனைக்கான கழுத்துப்பட்டைகளை நான் விற்கும் இணையதளத்திலிருந்து ஒரு கடிதம். போன வருடம் என் கடையில் நடந்த விற்பனையை வரி அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டார்களாம். நானும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டுமாம். மேலே என் பெயர், பக்கத்தில் 'விற்பனையாளர்'. பயம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சாப்பாட்டு மேசையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் வியாபாரி என்று அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அவருக்கு இது 'டைம்பாஸ்'.

மார்ச் 4, புதன்

அவரிடம் காட்டினேன். பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பு. "வேலில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கணும்? கடையை மூடிடு. எங்க டிப்போ பூனை கழுத்துல ஒண்ணும் இல்லாமத்தான் நிம்மதியா திரியுது" என்றார்.

மூடுவதாம். நேற்றுத்தான் வியாபாரி ஆனேன். அதற்குள்ளா?

மார்ச் 7, சனி

தூக்கிவாரிப் போட்டது. தளம் சொல்லும் தொகை என் கைக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. இதற்கு வரி கட்டினால் மெஷினை விற்க வேண்டியதுதான். அவர் சொன்னபடியே ஆகிவிடுமோ?

தேடியதில் ஆள் அகப்பட்டது. 'ராசிக்கை' என்ற பெயர். தினமும் காலையில் பணம் கட்டி, இருப்பதிலேயே விலை கூடிய வெள்ளிமணிப் பட்டைகளாக அள்ளுவது. சாயங்காலம் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பார்சல் கட்டும்போதுதான் தளம் விலாசம் காட்டும், அதற்குள் ரத்து. தளமோ வந்ததை மட்டும் கூட்டியிருக்கிறது, திரும்பிப் போனதைக் கழிக்கவில்லை. இத்தனை நாளும் யாரோ மனசு நிலைக்காத பணக்காரி என்று நினைத்திருந்தேன். இன்று காட்டமாக ஒரு செய்தி அனுப்பினேன்: உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா, இல்லையா?

உடனே அக்காவிடமிருந்து போன். "ஏண்டி இப்படி எரிஞ்சு விழுற? நான்தான். போணி ஆகாத கடை விளங்குமா? அதான் தினம் என் கையால..."

அக்காவிடம் பூனை கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவோடு பேசவில்லை. கோபமாகவும் இருக்க முடியவில்லை — நினைத்தாலே சிரிப்பு.

மார்ச் 11, புதன்

ஆடிட்டர் அம்மாவின் அறை, ஜெராக்ஸ் கடைக்கு மேலே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரத்து பண்ண என்ன காரணம்னு போட்டிருக்காங்க?" என்றார். நான் இதுவரை திறந்தே பார்க்காத பகுதி; திரையில் காட்டினேன். ஒவ்வொன்றிலும் அதே இரண்டு சொல்: போணி ஆயிடுச்சு.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போணிக்கு வரி கிடையாதும்மா. திருப்பிக் கொடுத்த பணம் உங்க வருமானமே இல்ல. இந்த ரத்துக்கெல்லாம் ஆதாரம் வச்சுக்குங்க. துணி, மணி, தபால் செலவு, அதையும் கழிக்கலாம். மிச்ச லாபத்துக்குத்தான் வரி."

"அப்ப லாபம்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கே."

படியில் இறங்கினேனா, பறந்தேனா? டைம்பாஸுக்கு லாபம் வருமா, சொல்லுங்கள் வீட்டுக்காரரே.

மார்ச் 13, வெள்ளி

தாக்கல் செய்தாயிற்று. 'தொழில்' என்ற கட்டத்தில் வியாபாரம் என்று நானே அடித்தேன். அக்காவிடம் இனி இந்த வேலை வேண்டாம் என்று சொன்னேன். "அப்ப போணிக்கு?" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

வரி கட்டினேன். சின்னத் தொகைதான். ரசீதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். அவர் தண்ணீர் எடுக்கப் போனவர் கதவைத் திறக்காமல் வெகுநேரம் நின்றார்.

மார்ச் 23, திங்கள்

காலையில் முதல் ஆர்டர். புதுப் பெயர்: 'பஸ்காரன்'. வெள்ளிமணிப் பட்டை ஒன்று. சாயங்காலம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்து வரவில்லை. பார்சல் கட்ட உட்கார்ந்தபோது விலாசம் வந்தது — அவருடைய டிப்போ. கீழே ஒரு குறிப்பு: பில் கண்டிப்பாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கை கழுவினார். நானும் கேட்கவில்லை. பட்டையை அவர் கையிலேயே கொடுத்தனுப்பலாம்தான். ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. நாளை தபாலில்தான் அனுப்பப் போகிறேன்.