கால் எட்டாத வண்டி

சேஜ் க்ரீக், ஐடஹோ
ஜூன், 2009

என் அக்கா பெற்ற செல்வம் மார்லீனுக்கு உன் வெர்ஜில் மாமா எழுதிக்கொள்வது. ஜப்பானில் நீயும் உன் ராணுவ ஆஸ்பத்திரியும் உன் கையால் ஊசி போட்டுக்கொள்ளும் சிப்பாய்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் என்ன எழுதுவது என்று தெரியாமல் காபி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன், அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன். என் உடம்புக்குக் குறை இல்லை. போன வாரம் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று, மண்வெட்டியால் ஒரே வெட்டு. ஒரு முழம் இருக்கும், டவுனில் ஆறடி என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நான் ஆறடி என்றால், எதுக்கு மாமா கஞ்சத்தனம், பத்தடின்னே சொல்லுங்க என்று உன் தம்பி ரஸ்ஸல்தான் எடுத்துக்கொடுப்பான். அவன் அங்கேதான் நின்றிருந்தான், காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் அம்மா.

நம் ஜோசிக் குழந்தையை அடக்கம் செய்த அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பேசினாய். நீ உன் தம்பியிடம் சொன்னதை அவன் என்னிடம் அப்படியே சொன்னான். அந்தச் சாமான் உன் கடைச் சுவத்துலயே தொங்கிட்டு இருந்துச்சு, எடுத்து மாட்டியிருந்தா உன் பொண்ணு இருந்திருப்பா. அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. நீ சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் கடல் தாண்டி இருக்கிறவளுக்குப் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் அம்மா போன பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டவன் என்ற உரிமையில் மீதியை எழுதுகிறேன். எழுதப் போகிறேன் என்று சொன்னதும் பெக்கி, மாமா, என் பொண்ணு கதையில மட்டும் எதையும் சேர்த்துடாதீங்க என்றாள். புருஷனையும் பார்த்துக்கொண்டு தன் பிள்ளைக்காகவும் அழ வேண்டியவள் அவள், அவள் பேச்சை மீறுவேனா. சேர்க்கவில்லை.

பிப்ரவரியில் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. பொம்மையில் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள் என்று வாஷிங்டனில் போட்ட சட்டம், நல்ல காரியம்தான். ஆனால் பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கென்று செய்த எந்தப் பொருளிலும் ஈயம் அளவு மீறக் கூடாது என்று எழுதியதில், பிள்ளைகள் மேட்டிலும் மண்ணிலும் ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிளும் வந்து மாட்டிக்கொண்டது. பிரேக் பிடியில் கொஞ்சம், டயருக்குக் காற்றடிக்கும் மூக்கில் கொஞ்சம், பாட்டரி முனையில் கொஞ்சம் என்று ஈயம் எல்லா வண்டியிலும் இருக்கிறது. ரஸ்ஸல் கடையிலிருந்த சின்ன வண்டிகளை எல்லாம் பின்னறைக்குத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினான். வண்டியும் விற்கக் கூடாது, அதற்கு உதிரிச் சாமானும் விற்கக் கூடாது. மீறினால் கடையை விற்றாலும் கட்டி முடியாத அபராதம். பெரியவர்கள் வண்டி மட்டும் எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம், அதே ஈயம்தான் அதிலும். டவுன் ஹாலில் கூட்டம் போட்டார்கள், நான் எழுந்து, ஐயா, ஒரு பாட்டரியும் ஒரு கரண்டியும் கொண்டாங்க, இதை எந்தப் பிள்ளையாவது தின்னுமான்னு நான் தின்னு காட்டுறேன் என்றேன். வந்திருந்த அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது, கூட்டமே எழுந்து நின்றது. சரி, பாதிக் கூட்டம். அந்த மனிதன் பாவம், நான் சட்டம் எழுதுறவன் இல்ல பெரியவரே, படிச்சுச் சொல்றவன் என்றான்.

மார்ச்சில் ஜோசி வாசலிலேயே விழுந்து அவளுடைய சின்ன வண்டியின் பிரேக் பிடி முறிந்தது. அது விழுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முறிகிற சாமான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் குதிரைக்கு லாடம் அடிக்கிற கென்ட்ரி இதே பிடியைத் தன் மகளுக்காகக் கேட்டு வந்து, ரஸ்ஸல் கையை விரித்திருக்கிறான். கண்ணு முன்னால தொங்குது, அதை வாங்க நான் மெக்சிகோ போகணுமா, உனக்கு மீசை எதுக்குடா என்று கென்ட்ரி கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டுப் போனான். இப்போது ஜோசி கேட்கிறாள். நான்தான் சொன்னேன், யாருக்குடா தெரியப்போகுது, எடுத்து மாட்டு என்று. உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா. கென்ட்ரி பொண்ணுக்கு இல்லன்னு சொன்ன கையால என் பொண்ணுக்கு எடுத்துக் குடுத்தா நான் என்ன மனுஷன் மாமா. முறிந்த பிடியை நான் வெல்டிங் வைத்துப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் என் வெல்டிங்குக்கு ஈடு கிடையாது, ஆனாலும் ரஸ்ஸல் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினான், பட்டென்று போயிற்று. பிரேக்குல ஒட்டு வேலை வேணாம் மாமா என்று குப்பையில் போட்டான். பார்த்துக்கொள், அவன் அவ்வளவு கவனமானவன்.

ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் கிளப்பின் வசந்தப் பயணம். ஊரே குடும்பத்தோடு வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஒவைஹி மலைக்குப் போகும் நாள், ஜோசிக்கு அது கிறிஸ்மஸை விடப் பெரிது. அம்மாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஆரம்பித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. ரஸ்ஸலுக்கு அவளிடம் முடியாது என்று சொல்லும் வாய் கிடையாது, உனக்கே தெரியும். அதனால் நம் பக்கத்து வழக்கத்தைச் சொன்னான். கீழே கிடக்கும் வண்டியை யார் துணையும் இல்லாமல் தூக்கி நிறுத்துகிறவர்தான் அதை ஓட்டலாம். நீயும் அப்படி நிறுத்திக் காட்டித்தான் ஏறினாய், அவனும் அப்படித்தான். பெக்கியின் வண்டியை அவனே முற்றத்தில் சாய்த்துப் படுக்க வைத்தான், தூக்கிட்டா ஓட்டு தாயி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அவள் தூக்கமாட்டாள் என்று அவனுக்கு அவ்வளவு உறுதி. முடியாது என்று அவன் சொன்ன விதம் அது.

ஜோசி முன்பக்கம் நின்று இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. நாங்கள் எல்லாம், சோறு பத்தலையா கண்ணு, அந்தப் பக்கம் பிடிக்க ஒரு எலியைக் கூப்பிட்டுக்கோ என்று கேலி பண்ணினோம். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், இடுப்பை சீட்டில் முட்டுக் கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை அடியில், பின்னாலேயே அடி அடியாக நடந்து வண்டியை நிமிர்த்திவிட்டாள். பாய்சியில் நடந்த பந்தயத்தில் ஒரு பெண் அப்படித் தூக்கியதைப் பார்த்து வைத்திருக்கிறாள். ரஸ்ஸலின் கையில் இருந்தது கையிலேயே நின்றது. முற்றம் முழுக்கக் கைதட்டல், எல்லோரிலும் சத்தமாகத் தட்டியவன் நான். வெர்ஜில் தாத்தா, இதை ஊர்ல சொல்லும்போது நான் ஒரே கையால தூக்கினேன்னு சொல்லணும் என்றாள். புளுகில் அவள் என் வாரிசு. சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் ரஸ்ஸல் தலையாட்டினான். சட்டத்துக்கும் கட்டுப்பட்டான், வழக்கத்துக்கும் கட்டுப்பட்டான். இரண்டிலும் ஒரு குறை வைக்கவில்லை உன் தம்பி.

மலையில் கடைசி ஏற்றம். அவள் முன்னால், அவன் நேர் பின்னால், அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. யாருக்கும் நிற்கும், எனக்கே நின்றிருக்கிறது, காலை ஊன்றிக்கொண்டு மறுபடி கிளப்ப வேண்டியதுதான். அவள் காலை நீட்டியிருக்கிறாள். தரை எட்டவில்லை. சின்ன வண்டியில் எட்டிய அதே இடத்தில் தரை இருக்கும் என்று அந்தக் கால் நம்பியிருக்கிறது. தூக்க முடியுமா என்று பார்த்தோமே தவிர, உட்கார்ந்தால் கால் எட்டுமா என்று எங்கள் ஒருவருக்கும் பார்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வழக்கத்தில் அது இல்லை. வண்டி அவளோடு பின்னால் உருண்டு அவள் மேலேயே விழுந்தது. ஹெல்மெட் அப்படியே இருந்தது. ரஸ்ஸல்தான் வண்டியைத் தூக்கி எறிந்தான். ஹெலிகாப்டர் வந்தது, அவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கேட்டுக்கொள் மார்லீன், இதில் ஒரு சொல் கூட நான் சேர்த்தது இல்லை. சேர்க்கிற ஆள் என்று பெயர் வாங்கிய எனக்கு இதைக் குறைத்துச் சொல்ல வழி தெரிந்தால் குறைத்திருப்பேன்.

அடக்கத்துக்கு அவள் வகுப்பே வந்தது. ஊரார் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சீஸ் தட்டுகளை வைக்க ஃபிரிட்ஜில் இடமில்லாமல் என் வீட்டுக்கும் கொண்டுபோனேன், இன்னும் இரண்டு ஃப்ரீசரில் இருக்கிறது, தின்னவும் முடியவில்லை கொட்டவும் முடியவில்லை. அதற்கு அடுத்த மாதம் அரசாங்கம் அறிவித்தது, சின்ன வண்டிகள் விஷயத்தில் இந்தச் சட்டத்தை இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லையாம். பிள்ளைகள் பெரிய வண்டியில் ஏறிவிடுகிறார்கள், அது ஈயத்தை விட ஆபத்து என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டதாம். ரேடியோவில் கேட்டதும் பெக்கி அதை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

தார்ப்பாயை நானும் பெக்கியும்தான் எடுத்தோம். முதலில் வந்தது கென்ட்ரி, கையில் தொப்பி, பின்னால் மகள். ரஸ்ஸல் ஒரு சின்ன வண்டியைத் தள்ளி வந்து அந்தப் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்தான். பிறகு முழங்காலில் இறங்கி அவள் இரண்டு பூட்ஸையும் பிடித்து, அடி முழுவதும் தரையில் படிகிறதா என்று அழுத்தினான். அழுத்தியவன் விடவில்லை. தலை குனிந்தபடியே அந்தப் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். எனக்கு நல்லா எட்டுது, பாருங்க என்று பிள்ளை சொன்னது. ஆமாம்மா, எட்டுது, எட்டுது என்றான். கென்ட்ரிதான் அவன் தோளில் கை போட்டு எழுப்பினான். இரண்டு ஆம்பிளைகள் கடை நடுவில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அழுதது நல்லது என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் தன் நாயைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டான். இது உங்ககிட்டதான் பிரியமா இருக்கு மாமா, வச்சுக்கங்க, கடையையும் பெக்கி பழகிட்டா என்றான். அந்த நாய்க்கு என்னைக் கண்டால் ஆகாது, இரண்டு தடவை கடித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகிறவன் பேச்சு அது அம்மா, உன்னிடம் மறைக்க என்ன. உடனே லாரியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், துப்பாக்கியெல்லாம் குடு, எல்க் மான் வேட்டைக்கு முன்னால எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்றேன். எல்க் வேட்டை இலை உதிரும்போதுதான் என்று நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு அலமாரியைத் திறந்துவிட்டான். அலமாரியில் இருந்ததையெல்லாம் நான் ஒவ்வொன்றாக லாரியில் வைத்தேன். கதவைச் சாத்தப் போகும்போது உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த ஒன்றை எடுத்துவந்து அவனே என் கையில் கொடுத்தான். அது இருப்பதே எனக்குத் தெரியாது. இதுக்கும் எண்ணெய் போடுங்க மாமா என்றான்.

அதனால்தான் எழுதுகிறேன். அவன் பிழைக்க ஆசைப்படுகிறான். வியாழக்கிழமை பாய்சியில் டாக்டரிடம் பெக்கி அழைத்துப் போகிறாள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாயை நான் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டேன், இதுக்குப் பசிக்குது, நீயே சோறு போடு, எனக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லி. ஆனால் பாதிரியார் பேசினாலும் பெக்கி பேசினாலும் நான் பேசினாலும் அவனுக்குள் கேட்டுக்கொண்டிருப்பது நீ சொன்ன வார்த்தைதான். ராத்திரி பகல் அதைத்தான் முணுமுணுக்கிறான் என்று பெக்கி சொன்னாள். நீ ஜோசிக்கு அத்தை, உனக்கும் வயிறு எரிந்தது, அப்படிப் பேசினாய், அதற்கு உன்னை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதை வாபஸ் வாங்கு என்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு வார்த்தை அவனிடம் சொல். எதுவாக இருந்தாலும் சரி. அங்கே மழையா என்று பேசு. சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி டேய் என்று கூப்பிடு, போதும். உனக்கு ஒரு தம்பிதான் இருக்கிறான்.

தேவன் உன்னைக் காக்கட்டும், உன் கையால் பிழைக்கிற பிள்ளைகளையும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, பச்சை மீனைத் தின்கிறாயாமே, அதை வேகவைத்துத் தரச் சொல். கட்டாயம் ஒன்று நினைவில் வை. வீட்டு நம்பருக்குப் போடாதே, கடை நம்பருக்குப் போடு, உனக்குக் காலை விடிந்து வேலைக்குக் கிளம்பும்போது அவன் இங்கே மாலையில் கடையைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். போன் அடித்தால் சீக்கிரம் எடுக்கமாட்டான், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நீ வைத்துவிடாதே. அவன் எடுக்கிற வரைக்கும் அடிக்க விடு.

இப்படிக்கு,
உன் மாமா
வெர்ஜில்