நாங்களே திருத்திக் கொடுத்த விசாரணை

4 ஜூன் 2012

கோர்ட் வேலை மதியத்தோடு முடிந்தது. என் சீனியர் கோதண்டராமன் சாரும் நானும் நடத்தும் சட்ட வலைப்பதிவில் புதுக் கட்டுரை ஏற்றினேன்: ‘உள் விசாரணையில் நிர்வாகங்கள் செய்யும் ஐந்து தவறுகள்’. தமிழ் மட்டும் தெரிந்தவனை ஆங்கிலத்தில் விசாரிப்பது, ஆவண நகல் தராதது, துணைக்குச் சக தொழிலாளியை விடாதது... ஐந்துமே மாரிராஜ் வழக்கில் எடுத்தவை. பெயரும் கம்பெனியும் போடவில்லை.

மாரிராஜ் எங்கள் கட்சிக்காரன்; ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை டேப் ஒட்டி மறைத்தான், அதனால் அடுத்த ஷிப்டு பாபுவுக்கு இரண்டு விரல் போனது என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். விசாரணை முழுக்க ஓட்டை. வழக்கு நம் பக்கம்தான். கொஞ்சம் திமிராகக்கூட இருக்கிறது.

9 ஜூன்

முப்பத்தாறு பின்னூட்டம்! சாருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

21 ஜூன்

டிஸ்மிஸ் உத்தரவை வாபஸ் வாங்குவதாகக் கம்பெனிக் கடிதம். மாரிராஜ் அல்வாவோடு வந்தான். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

விசாரணையை முதலிலிருந்து நடத்தப் போகிறார்களாம். தமிழில். நகல்களோடு. துணைக்கு ஆளோடு. விசாரணை அதிகாரியும் வெளியாள். பதில் சொல்லப் போதிய அவகாசம். நான் எழுதிய அதே ஐந்து, அதே வரிசை.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னா கனகா இது! நம்ம கட்டுரைய வச்சே ஓட்டைய அடைச்சிட்டானுங்களே!”

வழக்கு முடியாமல் எந்த வக்கீலாவது இப்படி எதிர்த்தரப்புக்கு வகுப்பு எடுப்பாளா? எடுத்திருக்கேன். லூசு மாதிரி எடுத்திருக்கேன்.

கட்டுரையை நீக்கினேன். இனி நீக்கி என்ன?

5 ஜூலை

விசாரணை முதல் நாள். வக்கீலுக்கு உள்ளே அனுமதியில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மாரிராஜ் வெளியே வந்ததும் சொன்னான்: “மேடம், அவுக ஃபைல்ல உங்க கட்டுரைதான் இருக்கு. பச்சை மையில டிக் அடிச்சிருக்காக.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

12 ஜூலை

எழுதவே கை வரவில்லை. விசாரணையில் மாரிராஜ் ஒப்புக்கொண்டுவிட்டான். “நாந்தான் ஒட்டுனேன். டார்கெட் வரலன்னு சூப்பர்வைசர்தான் ஒட்டச் சொன்னாரு.”

ரோடு என்றும் பாராமல் கத்தினேன். ஏன்டா சொன்னே?

“போன தடவ இங்கிலீஷ்ல என்னமோ வாசிச்சாக, கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவதான் என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல கேட்டாக.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லியே மேடம்.”

எட்டு மாதக் கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். நோட்டீஸ் தேதி, நகல், மொழி, கையெழுத்து — எல்லாம் கேட்டிருக்கிறேன். செய்தாயா என்று ஒரு இடத்தில்கூட இல்லை. விரல் போனவன் பெயரை பாபு என்று ஒரே ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறேன். சீ.

3 ஆகஸ்ட்

மறுபடியும் டிஸ்மிஸ். உத்தரவைச் சாரும் நானும் மூன்று முறை படித்தோம். எங்கும் கை வைக்க இடமில்லை. மாரிராஜ் குன்றத்தூர் அறையைக் காலி செய்கிறான். ஊருக்குப் போகிறானாம். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றான். பரவாயில்லையா?

18 ஆகஸ்ட்

பாபு ஆபீசுக்கு வந்தான். இப்போதுதான் முதல்முறையாக அவனைப் பார்க்கிறேன். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தான். இடது கையால் ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தான். மாரிராஜுக்குக் கொடுத்த விசாரணை நகல்.

“ஊருக்குப் போறப்ப அவன்தான் குட்த்தான் மேடம். எட்த்துக்க, உனக்கு ஒதவும்னான். இத்தினி நாளா அவன் மேலதான் கோவமா இருந்தேன். ஒட்டச் சொன்னதே சூப்பர்வைசர்னு இப்பதான் தெரியுது. கம்பெனி மேல கேஸ் போட முடியுமா?”

மாரிராஜின் வக்கீல் நான். பாபுவுக்கு நான் நிற்க முடியாது. வேறு ஆபீஸ் வக்கீல் வேல்விழி மேடத்துக்குப் போன் செய்து அவனை அனுப்பி வைத்தேன்.

அதற்கு முன் அந்த நகலை ஒருமுறை படித்தேன். தமிழில் கேள்வி, தமிழில் பதில், பக்கத்துக்குப் பக்கம் நிர்வாகத்தின் கையெழுத்து. பழக்கதோஷம், ஓட்டை தேடினேன். ஒன்றுகூட இல்லை. இனி கம்பெனியாலும் இதை உடைக்க முடியாது.